காது சொல்வதும் காரணம் சொல்வதும்

‘போக்ஸ்’ இசைக்குழுவின் ரசிகர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: 1985-இல் வந்த ‘ரம், சாடமி அண்ட் த லாஷ்’ ஒசத்தியா, 1988-இல் வந்த ‘இஃப் ஐ ஷுட் ஃபால் ஃப்ரம் கிரேஸ் வித் காட்’ ஒசத்தியா? கலப்படமில்லாத அயர்லாந்து முதலாவதில்தான் இருக்கிறது என்பது ஒரு கட்சி. குழு முழுசாக விளைந்தது இரண்டாவதில்தான் என்பது எதிர்க்கட்சி. அடுத்து வந்த ‘பீஸ் அண்ட் லவ்’வோடு இறங்குமுகம் தொடங்கிவிட்டது என்பதில் மட்டும் பெரிய சண்டை இல்லை. 1991-இல் பாடகர் ஷேன் மக்கவனைக் குழு விலக்கிய பிறகு வெளியான இரண்டு ஆல்பங்களை அநேகமாக யாரும் பேச்சில் எடுப்பதேயில்லை.

இந்தச் சண்டைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். விமர்சகர் ஓர் ஆல்பத்தை இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு எழுத உட்கார்கிறார். ரசிகரோ வருஷக்கணக்கில் அதைக் கேட்டவர். எந்தப் பாட்டில் எந்த வரிக்கு முன்னால் மக்கவன் மூச்செடுக்கிறார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. அந்தக் காதை நான் முழுக்க நம்புகிறேன். அந்தக் காது கண்டுபிடித்ததற்கு அவர் சொல்லும் காரணத்தைத்தான் நம்ப முடிவதில்லை.

‘ரம்’மையே எடுத்துக்கொள்வோம். குழு 1982-இல் உருவானது லண்டனில், கிங்ஸ் கிராஸ் பகுதியில். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயர்கள். மக்கவன் ஐரிஷ் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் பிறந்தவர்; டிப்பரரியில் தாய்வழிச் சொந்தங்களோடு கழிந்த சிறுவயது நாட்கள்தான் அவருடைய சொத்து. ஆல்பத்தின் பேர்போன பாட்டான ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’, இவான் மெக்கால் இங்கிலாந்தின் சால்ஃபர்டைப் பற்றி எழுதியது. ஆல்பத்தை முடித்துவைக்கும் ‘அண்ட் த பேண்ட் பிளேய்ட் வால்ட்ஸிங் மடில்டா’, ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த எரிக் போகல் 1971-இல் எழுதிய பாட்டு. கலிபோலிப் போரில் கால்களை இழந்து ஊர் திரும்பும் ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாய் அதில் பேசுகிறான். கலப்படமில்லாத அயர்லாந்து இதில் எங்கே இருக்கிறது?

ஆனாலும் அந்த ரசிகர் கேட்டது பொய்யில்லை. அந்தக் கடைசிப் பாட்டை ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும். பேன்ஜோ ஒவ்வொரு சுரமாக எண்ணி வைப்பதுபோல் தொடங்குகிறது. மக்கவன் பாடுவதாகவே தெரியாது. நடந்ததை ஒரு மனிதர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவதுபோல் இருக்கும். சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுகிறார். அழுத்த வேண்டிய இடம் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அழுத்தாமல் கடந்துபோகிறார். பாட்டு நகர நகர பித்தளை வாத்தியங்கள் வந்து சேரும்போது அது ராணுவ இசையாக மாறுவதில்லை, களைத்துப்போன ஓர் ஊர்வலமாகிறது. அப்போது மக்கவனுக்கு இருபத்தேழு வயது. அறுபதைத் தாண்டிய குரலை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இதில் தயாரிப்பாளர் எல்விஸ் காஸ்டெல்லோவுக்கும் பங்குண்டு. வேறொரு கைதேர்ந்த தயாரிப்பாளர் வந்து மெருகேற்றிக் கெடுப்பதற்குள் இவர்களைச் சிதிலமான அழகோடு அப்படியே பிடித்துவைப்பதுதான் தன் வேலை என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். 1988 ஆல்பத்தை எடுத்த ஸ்டீவ் லில்லிவைட்டின் வழி வேறு. அவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி இடம் கொடுத்தார். ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ பாட்டில் பெண் குரலுக்கு ஆள் அமையாமல் இருந்தபோது, ஒலிநாடாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் மனைவி கர்ஸ்டி மெக்காலைப் பாடவைத்துக் கொண்டுவந்தார். கர்ஸ்டி, ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ எழுதிய இவான் மெக்காலின் மகள். அந்தப் பாட்டைக் கிறிஸ்துமஸ்தோறும் கேட்டுச் சலித்துவிட்டோம், தாண்டிப் போய்விடுவோம் என்று பழைய ரசிகர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் ஒருபோதும் தாண்டியதில்லை. ஆனால் அந்த ஆல்பத்தைத் தாங்கி நிற்பது ஃபிலிப் செவ்ரான் எழுதிய ‘தௌசண்ட்ஸ் ஆர் செய்லிங்’ என்றே நினைக்கிறேன். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் பாட்டு அது. 1980-களில் வேலையில்லாமல் அதே வழியில் போய்க்கொண்டிருந்த ஐரிஷ் இளைஞர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நான் ‘ரம்’ பக்கம். அந்த எட்டு நிமிஷங்கள் போதும் எனக்கு.

அயர்லாந்தின் மரபிசைக்காரர்கள் சிலருக்கு அன்று போக்ஸைக் கண்டாலே ஆகாது. குடிகார ஐரிஷ்காரன் என்ற பழைய ஆங்கிலேயக் கேலிச்சித்திரத்துக்கு இவர்களே தாளம் போடுகிறார்கள் என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 1987-இல், இருபத்தைந்து வருஷம் நிறைந்திருந்த ‘த டப்ளினர்ஸ்’ குழுவே இவர்களோடு சேர்ந்து ‘தி ஐரிஷ் ரோவர்’ பாடியது. ரானி டுரூவின் கரகரத்த குரலும் மக்கவனின் குரலும் பக்கத்தில் பக்கத்தில் ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு, அந்த விவாதத்தின் காரம் பாதி குறைந்திருக்கும்.

ஹெவி ராக் பக்கம் வந்தால் இதே வழக்கு தலைகீழாக நடக்கிறது. தின் லிஸி குழுவை உலகம் கவனித்தது ‘விஸ்கி இன் த ஜார்’ என்ற நாட்டுப்பாட்டால். 1972-இல் இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு என்று நினைத்துப் பதிவுசெய்த பாட்டு அது, அதுவே ஹிட்டானது. குழுவுக்கு அதில் மகிழ்ச்சியைவிடச் சங்கடம்தான் அதிகம். அடுத்த வருஷம் வந்த ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்கு இடமே இல்லை. கறுப்பின கயானாத் தந்தைக்கும் ஐரிஷ் தாய்க்கும் இங்கிலாந்தில் பிறந்து, டப்ளினின் கிரம்லினில் பாட்டியிடம் வளர்ந்த பாடகர் ஃபில் லைனட், நாட்டுப்பாட்டுக் குழு என்ற முத்திரையைக் கழற்றப் பாடுபட்டார்.

லிஸி ரசிகர்களின் தீராத சண்டை, 1978-இன் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ உண்மையிலேயே மேடைப் பதிவுதானா என்பது. முக்கால்வாசி ஸ்டூடியோவில் திரும்பப் பதிவானது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. குழுவினர் அடியோடு மறுத்தார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ‘ஸ்டில் இன் லவ் வித் யூ’வில் பிரையன் ராபர்ட்சனின் கிட்டார் அழுவதை, அது எந்த அறையில் அழுதது என்று விசாரித்துவிட்டா கேட்பது?

எனக்கு நெருக்கமான லிஸி ஆல்பம் 1979-இன் ‘பிளாக் ரோஸ்’. ஹெவி ராக் மட்டும் கேட்பவர்கள் அதன் தலைப்புப் பாட்டைக் கொஞ்சம் அதிகப்படி என்பார்கள். ஏழு நிமிஷம். ‘ரோஷீன் டவ்’, அதாவது கருப்பு ரோஜா, அயர்லாந்துக்கு அந்நாட்டுப் பழம்பாடல் சூட்டிய பெயர். பாட்டின் நடுவே பெல்ஃபாஸ்ட்காரர் கேரி மூர், ஃபிடிலில் வாசிக்கும் வேகமான நடன மெட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் எடுக்கிறார். ஃபிடிலில் வில் ஒரே இழுப்பில் பல சுரங்களைக் கோத்துவிடும். கிட்டாரில் ஒவ்வொன்றையும் விரல் தேடிப்போய்த் தொடவேண்டும். மூர் திணறுவதே இல்லை. இன்னொரு கிட்டாரும் சேர்ந்துகொள்ள, மெட்டு இரண்டு குரலில் சுழல்கிறது.

அந்தப் பாட்டில் அவர்கள் கோத்திருக்கும் பழைய மெட்டுகளில் ஒன்று ‘வைல்ட் மவுன்டன் தைம்’. ஆறு வருஷம் கழித்து ‘ரம்’ ஆல்பத்தில் மக்கவன் எழுதிய ‘எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்’ பாட்டின் மெட்டும் அதன் சாயலில் பிறந்ததுதான். ‘வைல்ட் மவுன்டன் தைம்’ பாட்டை இன்றைய வடிவில் பரப்பியது பெல்ஃபாஸ்ட்டின் மெக்பீக் குடும்பம். வேர், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் டானஹில் எழுதியதில் இருக்கிறது. ஹெவி ராக் ரசிகரும் போக்ஸ் ரசிகரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு, ஒரே மெட்டில்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக ஒரு மனிதரே இருக்கிறார். டப்ளினின் டேவ் கிங், மோட்டார்ஹெட்டிலிருந்து வெளியேறிய எடி கிளார்க்கின் ‘ஃபாஸ்ட்வே’ குழுவில் 1983-இல் ஹெவி ராக் பாடியவர். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் ‘மோலி மலோன்ஸ்’ என்ற மதுக்கூடத்தில் ஃபிடிலும் அக்கார்டியனும் சேர்த்துக்கொண்டு ‘ஃபிளாகிங் மோலி’யைக் கட்டியெழுப்பினார். 2000-இல் வந்த ‘ஸ்வாகர்’தான் அவர்களின் உச்சம், 2002-இன் ‘டிரங்கன் லல்லபீஸ்’ அல்ல என்று வாதாடுகிறவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். அதை அசல் ஐரிஷ் என்று அவர்கள் புகழும்போது மட்டும், பதிவுசெய்தவர் சிகாகோவின் ஸ்டீவ் அல்பினி, குழு கலிஃபோர்னியாவில் பிறந்தது, ஃபிடிலையும் மீறி எழும் அந்தத் தொண்டை ஹெவி ராக் மேடையில் பழகியது என்று எடுத்துச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.