குப்பைத்தொட்டியைக் காணோம்!

'மகாராஜா' இன்னும் பார்க்காதவங்க இந்தப் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடுங்க. முடிவைச் சொல்லாம இதைப் பேச முடியாது.

2024 ஜூன் 14-ல வந்த படம். நித்திலன் சாமிநாதன் இயக்கம், விஜய் சேதுபதிக்கு 50-வது. ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் 'லட்சுமியைக் காணோம்'னு புகார் கொடுக்கிறார். லட்சுமி, அவர் வீட்டுக் குப்பைத்தொட்டி. ஸ்டேஷனே சிரிக்குது, நாமும் சிரிக்கிறோம். அவர் தேடுறது தொட்டியை இல்ல, பள்ளிக்கூடம் போற தன் மகள் ஜோதியை வன்கொடுமை செய்தவங்களைன்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் புரியுது. திரைக்கதையில அசாத்தியமான வேலை, சந்தேகமே இல்ல.

ஆனா அவர் ஏன் நேரடியாச் சொல்லல? எங்க ஐயம்பேட்டை ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு நாள் தறிச்சத்தம் நின்னாலே "என்ன, உடம்புக்கு முடியலையா?"ன்னு பக்கத்து வீட்டுல கேட்கிற தெரு எங்களோடது. இப்படி ஒண்ணு நடந்தா, செஞ்சவனை விட்டுட்டு அந்தப் பொண்ணோட பேரைத்தான் ஊர் பேசும். படம் அந்தப் பயத்தை அப்படியே எடுத்துக்குது, கேள்வி கேட்கல. 2012 போக்சோ சட்டப்படி குழந்தையோட வாக்குமூலத்தை வீட்டுலயே வாங்கலாம், வாங்குற போலீஸ் யூனிஃபார்ம்ல இருக்கக்கூடாது, அடையாளத்தை வெளியிடக்கூடாது. படத்துல போலீஸ் என்ன பண்ணுது? முதல்ல காசு கேட்குது. உண்மை தெரிஞ்சதும், குற்றவாளிகள்ல ஒருத்தனைத் தந்திரமா மகாராஜா வீட்டுக்கே அனுப்பி வைக்குது. கைதட்டல்! கோர்ட்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் ஞாபகம் வரல.

எனக்கு ரொம்ப உறுத்தினது கடைசித் திருப்பம். ஜோதி, வில்லன் செல்வத்தோட சொந்த மகள். தான் உடந்தையா இருந்தது யாருக்கு நடந்த கொடுமைக்குன்னு தெரிஞ்சதும் அவன் உடைஞ்சு போறான். அதுதான் அவனுக்குத் தண்டனையாம். சரி, அவ வேற யாரோ பெத்த பொண்ணா இருந்திருந்தா? அவன் மனசு கலங்கியிருக்குமா? அவ உடம்புல பட்ட காயம், ரெண்டு அப்பாக்கள் தீர்த்துக்கிற கணக்கா மாறிடுது.

நியாயமா ஒண்ணு சொல்லணும். அந்த ஜோதியே செல்வத்தை நேர்ல பார்க்கணும்னு கேட்டு, அவன் முன்னாடி தலை குனியாம நின்னு பேசுறா. படத்துலயே பெரிய ஆள் அவதான். அந்தக் காட்சி சட்டுனு முடிஞ்சு, கேமரா மறுபடி செல்வம் முகத்துக்குப் போயிடுது.

இதுக்கு முந்தின வருஷம், 2023-ல வந்த 'சித்தா'வையும் பாருங்க. கொலைவெறியோட இருக்கிற சித்தப்பாகிட்ட, சின்ன வயசுல தானும் அதே கொடுமையை அனுபவிச்ச சக்தி பேசுறா. பழியை விடு, குழந்தை பக்கத்துல இருன்னு அவன் கவனத்தைத் திருப்புறா. 'மகாராஜா' மாதிரி விசில் பறக்கிற இடம் இல்ல அது.

ஜோதி மறுபடி ஸ்கூலுக்குப் போனப்போ வகுப்புல யார் பக்கத்துல உட்கார்ந்தாங்க? அதைக் காட்டியிருந்தா இன்னும் அரைமணி நேரம் நான் எழுந்திருக்க மாட்டேன்.