மிதி… பிடி… விடு

தூத்துக்குடியில் இரும்பு வாங்குகிறவர்கள் அதன் ஆயுளில் பாதியைக் கடலுக்கு எழுதிவைத்துவிட வேண்டியதுதான். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், கிணற்றுக் கப்பி எல்லாமே துரு நிறம். அப்பாவுக்கு உப்பளத்தில் கணக்கு வேலை. பாத்திகளுக்கு நடுவே ஓடும் மண்சாலையில் அவருடைய மார்க் 3 அம்பாசடர் தினமும் போய்வரும். சித்திரை வெயிலில் உப்பு வாருகிற நாட்களில் வண்டியின் அடியில் அப்பியிருக்கும் சேற்றை நாக்கில் வைத்தால் கரிக்கும். சனிக்கிழமைதோறும் அப்பா மேலே ஊற்றும் தண்ணீரைவிடக் கீழே அடிக்கும் தண்ணீர்தான் அதிகம். அப்படியும் உப்பு விடவில்லை.

ஒருநாள் இடது பின் டயரின் உள்பக்கம் ஈரம் தெரிந்தது. அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். பிரேக் ஆயில். அங்கே போகும் பைப் கசிகிறது. எங்கள் வண்டியில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கே பொத்தல் விழுந்தாலும் நாலும் போச்சு.

“அந்த ஒரு பைப்ப மட்டும் மாத்துனா என்ன?” என்றாள் அம்மா.

“மத்ததுக்கும் அதே வயசுதான” என்றார் அப்பா.

அவர் சொன்னது சரி என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். பின் ஆக்ஸிலை ஒட்டிப் போகும் இன்னொரு பைப் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த தகரக் கிளிப்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். ஏடு ஏடாக உரிந்து, விரல்கடை நீளத்துக்குப் பைப் பாதியாக மெலிந்திருந்தது. கிளிப்புக்கு அடியில் சேறு தங்குகிறது, சேற்றில் உப்பு தங்குகிறது. துரு ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

அடுத்த தெருவில் ஃப்ரிட்ஜ் வேலை பார்க்கும் அண்ணாச்சி, “நம்மட்ட செம்புக் குழா கெடக்கு, துருவே ஏறாது, எடுத்துட்டுப் போங்க” என்றார். அப்பா மரியாதையாக மறுத்துவிட்டார். வெறும் செம்பு, வண்டி அதிர அதிர இறுகி விரிசல் விடும். ஃப்ரிட்ஜுக்கு வாயை ஒருமுறை விரித்தால் போதும். பிரேக்கின் அழுத்தத்துக்கு விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக்க வேண்டும். பழைய பைப்புகளைக் கொண்டுபோய், அதே அளவில் ஸ்டீல் பைப் வெட்டி, நட்டை முதலில் கோத்து, பட்டறையில் வாய் மடித்து வாங்கிவந்தார். நட்டைக் கோக்காமல் மடித்துவிட்டால் பைப் வீண். பழையதன் வளைவுகளை முற்றத்து சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து, புதியதை ஒரு தேய்ந்த பேரிங்கின் மேல் வைத்து மெல்ல வளைத்தார். எங்கும் நசுங்கவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

மண்ணெண்ணெய் பாட்டிலை மட்டும் அன்று யாரும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் அது பட்டால் ஊதிவிடும்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. அதற்கு மூன்று பேரும் வேண்டும். டிரைவர் சீட்டின் நுனியில் நான், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. காலடியில் தரைவிரிப்பை விலக்கி, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்ற அம்மா. அது வற்றினால் காற்று புகுந்து எல்லாம் முதலிலிருந்து. தூரத்துச் சக்கரமான இடது பின்பக்கம் அப்பா. நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை ஹார்லிக்ஸ் பாட்டிலில், ஆயிலுக்குள் முங்கியிருந்தது.

“ஏட்டி, மிதி!”

பஞ்சை மிதிப்பதுபோல இருந்தது.

“பிடி!” நிப்பிளைத் தளர்த்தியதும் பெடல் என் காலுக்கடியில் தானாகத் தரைவரை இறங்கும். பாட்டிலில் குமிழி கொப்பளிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அவர் இறுக்கும்வரை காலை எடுக்கக் கூடாது; எடுத்தால் வந்த வழியே காற்று திரும்பிவிடும்.

“விடு!”

நாலு சக்கரமும் சுற்றி முடிப்பதற்குள் முழங்கால் நடுங்கியது. கடைசியில் பெடல் பாதி வழியிலேயே கெட்டியாக நின்றது. வலுவாக மிதித்தபடியே என்னை இருக்கச் சொல்லி, அப்பா செய்தித்தாள் துண்டால் ஒவ்வொரு நட்டையும் ஒற்றிப் பார்த்தார். எதிலும் ஈரம் இல்லை. பாட்டிலில் சேர்ந்த ஆயிலை மறுபடி ஊற்றலாமா என்று அம்மா கேட்டாள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும், பைப்பையும் உள்ளிருந்தே அரிக்கும் என்று அதை மூடி ஓரமாக வைத்துவிட்டார்.

ரப்பர் ஹோஸ்களை அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றினார். அப்போதும் மிதிக்க என்னைத்தான் கூப்பிட்டார்.