குறுக்குக் கம்பியும் இரண்டு குண்டூசியும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, விளையாட்டு மைதானத்தைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் நண்பர் பலர் எழுதிவிடுவர் என எண்ணினோம். ஆதலின், முயல் சுடுவதற்கு ஒரு தொலைநோக்கியைத் தெரிவு செய்த கதையை எழுதத் துணிந்தோம். இந்துக் கல்லூரி மலரில் இது தகுமோ என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். முயல் வேட்டையை வள்ளுவர் பெருமைக்குரியதாகக் கொள்ளவில்லை என்பதைத் தமிழ் வகுப்பில் நாமுங் கற்றவர்களே. ஆயினும் இக்கதையின் திறவுகோல் எமது பௌதிக ஆய்வுகூடத்திலே கிடந்தமையால், இதனைச் சொல்லுதற்கு ஏற்ற இடம் இதுவேயாம்.

2009 ஆம் ஆண்டிற் கணக்காளர் உத்தியோகத்தினின்றும் இளைப்பாறியபின், இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கென்ற் பகுதியிலே சிறு வீடொன்றும் அரை ஏக்கர் நிலமும் வாங்கிக் குடியேறினோம். எம் இல்லாள் கோவாவும் கரட்டும் போஞ்சியும் நட்டாள். நட்டவற்றை முயல்கள் தின்றன. 1953 ஆம் ஆண்டில் மிக்சோமற்றோசிஸ் என்னும் நோய் அந்நாட்டிற் புகுந்து முயல்களிற் பெரும்பகுதியை மாய்த்ததாயினும், எஞ்சியவை மீண்டும் பெருகிவிட்டன. கம்பிவலை அடித்தோம். வலையின் அடியை மண்ணுட் புதைத்து வெளிப்புறமாக மடித்துவிட வேண்டுமென்பதை அறியாது அடித்தமையால், ஒரு கிழமைக்குள் அவை சுரங்கமிட்டு உள்ளே வந்தன. பெரும்பாலான இடங்களில் முயலை அடக்கி வைத்தல் நிலத்துக்குரியவரின் கடமையென 1954 ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்திருப்பதாக அயலிலுள்ள முதிய கமக்காரர் கூறி, காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கும்படி புத்தி சொன்னார். சன்னத்தின் சக்தி 12 அடி-இறாத்தலுக்கு மேற்படாத காற்று றைபிளுக்கு இங்கிலாந்திலே துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டியதில்லை. .22 அங்குலக் குழலும் சுருள்வில்லும் கொண்ட பழைய றைபிள் ஒன்றை வாங்கினோம்.

அதன்மேற் பூட்டுவதற்குத் தொலைநோக்கி வேண்டுமல்லவா? ‘ஸ்கோப்’ என வழங்கும் அக்குழலிற் பெரிதாகக் காட்டுவதே சிறந்ததென்று நம்பி, 4 மடங்கு முதல் 12 மடங்கு வரை பெருப்பிப்பதும் 40 மி.மீ. முன்வில்லை உடையதுமான ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். அது மான் வேட்டைக்குரிய வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்காக 100 யார் தூரத்துக்கு அமைக்கப்பட்டதென்பது பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தது. நாம் வாசிக்கவில்லை. 12 என்னும் எண்ணை மாத்திரம் வாசித்தோம்.

2010 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து மாலையொன்றில், 25 யார் அளவில் முயலொன்று கரட் பாத்தியில் அமர்ந்திருந்தது. அதனை உடனே மாய்க்கவல்ல இடம் கண்ணுக்கும் காதுக்கும் இடையே ஓரங்குல அகலமானது. 12 மடங்கிற் பார்த்தபொழுது உருவம் மங்கித் தோன்றிற்று. அவசரத்திலே கன்னத்தைக் கட்டையில் ஒழுங்காகப் பதியாது, குறுக்குக் கம்பிகள் தலையிற் பொருந்தியதைக் கண்டு சுட்டோம். சன்னம் தாடையிற் பட்டது. முயல் புரண்டு எழுந்து வேலியடிக்கு இழுபட்டுச் சென்றது. அடுக்களை வாயிலில் நின்ற எம் இல்லாள், “இஞ்சாருங்கோ, அந்தச் சீவன் இன்னும் துடிக்குது” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. கமக்காரர் வந்து அதன் வேதனையை முடித்து வைத்தார். அன்றிரவு எமக்கு உணவு இறங்கவில்லை.

மூன்று மாதம் துப்பாக்கியைத் தொட்டிலோம். மார்கழியில் ஒருநாள், குறி தவறியது கையினாலா கண்ணாடியினாலா என்று அறிய விரும்பி, றைபிளை மணற்பைகளின் மீது அசையாது கிடத்தி, 25 யாருக்கப்பால் நாட்டிய கடதாசியை நோக்கினோம். துப்பாக்கி அசையவில்லை, எமது தலையைச் சற்றே இடம் வலமாக அசைத்தோம். குறுக்குக் கம்பிகள் கடதாசியின்மேல் ஊர்ந்தன!

அக்கணமே ஆய்வுகூடம் நினைவில் எழுந்தது. குவிவு வில்லையின் முன் ஒரு குண்டூசியும் பின் ஒரு குண்டூசியும் நாட்டி, விம்பமும் ஊசியும் ஒன்றையொன்று விட்டு விலகாத இடத்தைத் தேடுமாறு பௌதிக ஆசிரியர் எம்மை வருத்திய மாலைகள் எத்தனை! “தலையை ஆட்டிப் பாரடா, விலகினால் இடம் பிழை” என்பார். இடமாறு தோற்ற வழு என்று அதனைப் பெயர் சொல்லிப் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், பின்னர் கணக்கேடுகளிடையே மறந்தோம். முன்வில்லையின் விட்டத்திற் பாதி 20 மி.மீ. 100 யாருக்கு அமைத்த கண்ணாடியை 25 யாரிற் பயன்படுத்தின், அதன் நாலில் மூன்று பங்கு, அதாவது 15 மி.மீ. வரை, கண் விலகிய திசைக்கேற்பக் குறி பிழைக்கலாம். ஓரங்குல வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு 13 மி.மீ. கூட இல்லை. முயலின் தாடைக்கு இதுவே காரணம். எமது அவசரமும் காரணம்.

அக்கண்ணாடி வேறு வகையாலும் பொருந்தாததென்பதைப் பின்னர் அறிந்தோம். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கியே உதைக்கும். சுருள்வில் துப்பாக்கியோ, ஆடுதண்டு முன்னோக்கிப் பாயும்போது பின்னே உதைத்து, அது உருளையின் அந்தத்தில் மோதும்போது முன்னேயும் குலுங்கும். இந்த இருபக்க உதறலைத் தாங்குமாறு கட்டப்படாத கண்ணாடியின் உள்வில்லைகள் நாளடைவிற் கழன்றுவிடும். கண்ணாடியும் தண்டவாளத்தின்மேல் சிறிது சிறிதாகப் பின்னே நகரும்; அதனைத் தடுக்கும் முளை ஒன்று வேண்டும்.

இரண்டாவதைத் தெரிவு செய்தபொழுது பெட்டியின் நாற்புறத்தையும் வாசித்தோம். 3 முதல் 9 மடங்கு, அதே 40 மி.மீ. வில்லை, முன்வளையத்தைத் திருப்பி 10 யார் முதல் எத்தூரத்துக்கும் வழுவின்றி அமைக்கலாம், சுருள்வில் துப்பாக்கிக்கு ஏற்றதென்ற உறுதிமொழியும் உண்டு. 50 மி.மீ. வில்லையுடையது ஒளியை மிகுதியாகத் தருமெனக் கடைக்காரர் பரிந்துரைத்தார். முதியோர் கண்மணி இருளிலும் ஏறக்குறைய 5 மி.மீ. அளவே விரியும், 40 மி.மீ. வில்லையை 8 மடங்கில் வைத்தாலே அக்கண்மணி நிரம்பிவிடும். மேலும், பெரிய வில்லை குழலினின்றும் உயர்ந்து நிற்கும். உயர உயர, அண்மைத் தூரங்களிற் குறி கணித்தல் கடினமாகும். மறுத்துவிட்டோம். நாம் வழக்கமாக வைப்பது 6 மடங்கே.

குறியைத் திருத்தும்போது நகைப்புக்குரியதொன்றும் நிகழ்ந்தது. திருகியை நான்கு சொடுக்குத் திருப்பியும் சன்னம் இடம்பெயராமை கண்டு இதுவும் பழுதென்று எண்ணினோம். ஒரு சொடுக்கென்பது 100 யாரிற் கால் அங்குலம். 25 யாரில் ஓரங்குலத்தின் பதினாறிலொரு பங்கே. அரை அங்குலத்துக்கு எட்டுச் சொடுக்கு வேண்டும். கணக்காளராய் இருந்தும் இதனைக் கணிக்கத் தவறினோம்! 30 யாருக்குக் குறி பொருத்தியபின், கடதாசியில் 20 யாரிற் சன்னம் முக்கால் அங்குலம் வரை உயர்ந்தும் 40 யாரில் இரண்டங்குலம் அளவில் தாழ்ந்தும் பட்டது. ஆகவே வேலியோரம் 30 யாரில் முளையொன்று அடித்தோம். அதற்கப்பால் அமர்ந்த முயலை நோக்கிச் சுடுவதில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளிற் சுட்டவை பல அல்ல. அவை நின்ற இடத்திலே வீழ்ந்தன. கம்பிவலையையும் முறைப்படி புதைத்துவிட்டோம். மெய்யாகக் கூறின், கோவாவைக் காத்தது வலைதான்.

பழைய கண்ணாடி எமது மேசை லாச்சியிற் கிடக்கிறது. விடுமுறைக்கு வரும் பேரன் அதனை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்து, தோட்டத்து முளையை நோக்குவான். துப்பாக்கியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் சொல்வதில்லை. “தலையை ஆட்டிப் பார்” என்று மட்டும் சொல்வோம்.