மழையில் பிடிக்கிற தீ

திருவண்ணாமலையில் வழி தவறுவது ரொம்பக் கஷ்டம். எந்தச் சந்தில் நின்று தலையைத் தூக்கினாலும் மலை தெரியும். 2,668 அடி. மலையை வைத்துத் திசை, திசையை வைத்து லாட்ஜ், லாட்ஜை வைத்து டிபன் என்று வரிசையாகக் கண்டுபிடித்துவிடலாம். தீபத்தன்று மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அன்று நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மை நடத்துகிறது. டீ குடிக்க வலது பக்கம் திரும்பியவர், அரை பர்லாங் தள்ளி இடது பக்கத்துச் செருப்புக் கடையில் கரையேறுவார்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தீபம் முடிந்து மூன்றாம் நாள் போகிறார்கள். மலை உச்சியில் ஏற்றிய தீபம் பதினோரு நாள் எரிகிறது. அதே நெருப்பு, அதே புண்ணியம், பஸ்ஸில் உட்கார இடம். திண்டிவனம் தாண்டி, செஞ்சிக் கோட்டையை ஜன்னல் வழியாகவே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தூறலில் போய் இறங்கினோம். உடன் வந்த ஆபீஸ் நண்பருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். லிஃப்ட் ஓடவில்லையென்றால் மூன்றாவது மாடிக்கு ஏறாமல் லீவு போடுகிற மனிதர், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்தார். அதிகாரி ஊரில் இல்லையென்றால் எல்லோருக்கும் தெம்பு வந்துவிடும் போலிருக்கிறது!

பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். அக்னி, வருணன், வாயு எல்லோரும் ஒரே சாலையில் குடியிருக்கிறார்கள். நெருப்புக்கென்று பேர் போன ஸ்தலத்தில் தண்ணீருக்கும் காற்றுக்கும் தனித்தனி சன்னதி. இந்த மூன்று பேரையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வழியில் ஓர் அன்னதானப் பந்தலில் தொன்னையில் தக்காளி சாதம் கொடுத்தார்கள். நிறம் இருந்தது. மணம் இருந்தது. தக்காளியைத்தான் காணோம்.

"விக்கிற விலைக்கு வாசனை வந்ததே பெருசு சார்" என்றார் கரண்டிக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. கார்த்திகை மழைக்கும் தக்காளி விலைக்கும் பழைய பகை. 2021 நவம்பர் மழையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தக்காளி இல்லாமல் ரசம் வைப்பது எப்படி என்று வீட்டுக்கு வீடு ஆராய்ச்சி நடந்தது. 2023 ஜூலையில் ரேஷன் கடையிலேயே கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்றது. நமக்கு விலை தெரியும். அந்த விலைக்குப் பின்னால் வயலில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது.

"சித்தப்பா அரை ஏக்கர் தக்காளி போட்டிருக்காரு. வாங்க, காட்டறேன்" என்றார் நண்பர்.

*

செங்கம் ரோட்டில் பஸ் இறங்கி, வரப்பில் வழுக்கிக்கொண்டே போனோம். நாலு நாளாக வெயில் இல்லை. பெரிய மழையும் இல்லை; நசநசவென்று தூறல், காலையில் பனி. டவுன்காரர்கள் 'ஆஹா, ஊட்டி மாதிரி இருக்கு' என்று சொல்வார்களே, அந்த மாதிரி. வம்பே அதுதான் என்பது வயலைப் பார்த்த பிறகு விளங்கியது.

கிணற்றோரம் தாழ்வான மூலையில் செடிகள் கருகி நின்றன. யாரோ வைக்கோல் கொளுத்திக் காட்டிவிட்டுப் போன மாதிரி. இலை கறுப்பு, தண்டு பழுப்பு, காயின் மேல் எண்ணெய் தடவினாற்போல் கெட்டியான பழுப்புத் திட்டு. பத்தடி தள்ளி மிச்ச வயல் பச்சைப்பசேல் என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

"முந்தாநேத்து ரெண்டு செடி தம்பி. இன்னிக்கு இந்த மூலை பூரா. மழையிலயே தீஞ்சு போற பயிரை இன்னான்னு சொல்றது?" என்றார் சித்தப்பா.

கடையில் கேட்டு, கொடுத்த பூச்சி மருந்தை இரண்டு டேங்க் அடித்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. ஏனென்றால் இது பூச்சி இல்லை. சித்தியின் வளையல் வங்கியில் அடகில் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. சித்தியின் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

அன்று காலை வந்து பார்த்த தோட்டக்கலை அலுவலர், மேலே கருகினதைப் பார்க்கவில்லையாம். குனிந்து இலையைத் திருப்பினாராம். கறுப்புத் திட்டின் ஓரத்தில், இலைக்கு அடியில், மாவு தூவினாற்போல் மெல்லிய வெள்ளைப் பூசணம். விடிகாலையில் நன்றாகத் தெரியும். வெயில் வந்தால் மறைந்துவிடும். 'பின்பருவ இலைக்கருகல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

*

இந்த ஆசாமியின் ஜாதகம் பெரிசு. 1876ல் ஜெர்மானியர் அன்டன் டி பாரி வைத்த பெயர் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். முதல் பாதிக்கு 'செடிகொல்லி' என்று அர்த்தம். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும். அசல் பூஞ்சை கிடையாது. பாசி வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால்தான் தண்ணீர் என்றால் உயிர். இலைமேல் ஈரம் நின்றால் இதன் வித்துக்கள் வால் முளைத்து நீந்தவே செய்யும். 20 டிகிரியை ஒட்டிய குளிரும், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் கொண்டாட்டம். சுள்ளென்று 30 டிகிரி தாண்டி வெயில் அடித்தால் அடங்கிப் போகும்.

இப்போது அந்த மூன்று பேரைக் கூப்பிடுங்கள். வருணன் இலையை நனைக்கிறார். வாயு வித்தை அடுத்த வயலுக்குக் கொண்டுபோகிறார். பழி மட்டும் அக்னி மேல்!

உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம், ஆகவே இரண்டுக்கும் இது பொது எதிரி. 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை மட்டும் நம்பியிருந்த ஏழைகளின் வயல்களில் இறங்கி, அடுத்த சில வருஷப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் சாகக் காரணமானது. இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே நோய் 1870க்கும் 1880க்கும் நடுவில் நம் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவில் முதலில் கண்டது அங்கேதான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1957 முதல் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருப்பதற்கு இந்த எதிரியும் ஒரு காரணம். குஃப்ரி ஜோதி என்று ஒரு ரகம் ஒரு காலத்தில் தாக்குப்பிடித்தது. நோய் சும்மா இருக்குமா? அதுவும் புதுப்புது அவதாரம் எடுத்தது. 2009, 2010ல் கர்நாடகத்துத் தக்காளி வயல்களை அழித்த அவதாரத்துக்கு, அதுவரை கைகொடுத்த மெட்டலாக்சில் மருந்தே உறைக்கவில்லை.

இதற்கு எதிரான முதல் மருந்து கிடைத்தது திருடர்கள் புண்ணியத்தில். பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பறித்துத் தின்ன, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிமேல் அடித்தார்கள். பச்சையாகப் பார்த்தால் விஷம் என்று பயப்படுவார்களே! மிலார்தே என்ற பேராசிரியர் பார்த்தார்: மருந்து பட்ட கொடியில் மட்டும் நோய் இல்லை. 1885ல் அதை உலகுக்குச் சொன்னார். போர்டோ கலவை அப்படிப் பிறந்தது. பிறகு உருளைக்கும் தக்காளிக்கும் வந்தது.

ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக்கிலோ மண்பானையிலோ கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளவென்று தேய்த்த கத்தியை முக்கிப் பார்த்தால் செம்பு நிறம் ஏறக்கூடாது; ஏறினால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். அன்றே கலக்கி அன்றே அடிப்பது.

ஆனால் இதுவும், மேங்கோசெப்பும், வரும் முன் காக்கிற மருந்துகள். ரெயின்கோட் மாதிரி. நனைந்த பிறகு மாட்டிப் பிரயோஜனமில்லை.

*

சித்தப்பாவுக்கு முன்னால் இருந்த கேள்வி அதுதான். கருகின மூலையில் காய்த்துத் தொங்கும் செடிகளும் இருந்தன. அவற்றையும் சேர்த்துப் பிடுங்கினால்தான் மிச்சம் பிழைக்கும் என்று அலுவலர் சொல்லிவிட்டார். வளர்த்த கை அவ்வளவு சுலபமாக வருமா?

"நாலு நாள் பார்க்கலாமே" என்றார் சித்தி.

"நாலு நாள்ல வயலே இருக்காது" என்றார் சித்தப்பா. நாங்கள் இருவரும் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானம் தூறல் விட்டு இலை காய்ந்ததும் ஆரம்பித்தார். ஈரத்தில் கை வைத்தால் நாமே நோயைச் சுமந்து பரப்புவோமாம். பிடுங்கின செடிகளை இழுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே சாக்கில் திணித்து, பள்ளத்தில் புதைத்தோம். கருகின மூலையோடு நிற்காமல், சுற்றிலும் நல்லதாகத் தெரிந்த இரண்டு வரிசையையும் பிடுங்கினார். அந்த இரண்டு வரிசைக்குத்தான் சித்தி உள்ளே போய்விட்டார். பிறகு, நோய் தொட்ட வயலுக்கென்று அலுவலர் எழுதிக் கொடுத்த சைமோக்சானில், மேங்கோசெப் சேர்ந்த மருந்தை, டப்பாவில் போட்டிருந்த அளவுக்கே, இலைக்கு மேலும் அடியிலும் அடித்தார். அடுத்த தடவைக்கு வேறு மருந்து. ஒன்றையே திருப்பித் திருப்பி அடித்தால் நோய்க்குப் பழகிவிடும். காய் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்றும் டப்பாவிலேயே இருந்தது.

அடுத்த வருஷத்துக்கும் அங்கேயே பேச்சு. செடிக்குச் செடி காற்றோட்டமாக இடம், குச்சி நட்டுக் கட்டுவது, சாயங்காலத்தில் தண்ணீர் விடாமல் இருப்பது, உருளை போட்ட நிலத்தில் உடனே தக்காளி போடாமல் இருப்பது, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா அபேத் போன்ற தாங்கும் ரகம்.

கார்த்திகை மழை இந்த ஊரில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 2024 டிசம்பர் 1ல் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே அண்ணாமலைச் சரிவு மண்ணாக இறங்கி, ஒரே வீட்டில் இருந்த ஏழு பேர் போனார்கள். அந்த வருஷம் டிசம்பர் 13 தீபத்துக்கு மலையேற பக்தர்களை விடவில்லை. மலை சரிவதை யாரும் தடுக்க முடியாது. இலை கருகுவதைக் கொஞ்சமாவது தடுக்கலாம், நேரத்தில் பார்த்தால்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸில் நண்பர் வந்து சொன்னார். வெயில் வந்துவிட்டது, முக்கால்வாசி வயல் பிழைத்தது, விலையும் பரவாயில்லை. வளையல் இன்னும் திரும்பவில்லை. வட்டி கட்டியாகிவிட்டது.

ஏசி ரூமில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கும். அப்பாவோ சித்தப்பாவோ தக்காளி போட்டிருப்பார். மூன்று நாள் சேர்ந்தாற்போல் மூடாக்குப் போட்டால் ஒரு போன் செய்யுங்கள். "சாப்பிட்டீங்களா?"வுக்கு அடுத்த கேள்வியாக, "இலைக்கு அடியில திருப்பிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். வெள்ளையாக இருக்கிறது என்றால் கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.