ஈர மண்ணும் ரப்பர்க் காலணியும்



நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு மழைக்காலத்தில் ஒருமுறை சென்று பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பொழியும் குமரி மாவட்டம் இது. மழை மாதங்களில் ரப்பர்த் தோட்டங்களின் தரை உலர்வதே அரிது.

வார்ச்செருப்போடு சென்ற நான் சரிவில் வழுக்கி விழுந்தேன். கால்களில் அட்டைகளும் ஏறின. விடியலில், நாயொன்று முன்னே ஓட, பால் வெட்டச் சென்ற தொழிலாளியோ ரப்பர்க் காலணியுடன் தடுமாறாமல் நடந்தார். கைகொடுத்துத் தூக்கியவரும் அவரே.

மேலைநாட்டார் இதனை 'வெல்லிங்டன்' என்பர். 1799இல் திப்பு சுல்தானை எதிர்த்து வந்த படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லியே பின்னாளில் அப்பட்டம் பெற்றவர். அவர் அணிந்தது தோற்காலணி. அது ரப்பராக மாறியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்.

நீங்கள் வாங்கும்போது, கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், பருத்திக் காலுறையுடன் போட்டுப் பாருங்கள். விரல்களுக்கு முன்னே சிறிது இடம் வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. அடிப்பகுதியில் ஆழமான வரிகள் இருக்கட்டும். உள்ளே துணி ஒட்டியது குளிருக்கு இதம். ஆனால் தினமும் கவிழ்த்து உலர்த்துங்கள். அணியுமுன் பூச்சி, தேள் உண்டா என உதறுங்கள்.

இது ஆடம்பரமன்று. தேங்கிய நீரிலுள்ள எலிக்காய்ச்சல் கிருமி பாதவெடிப்பு வழியே உடலில் புகக்கூடும். வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்பவர் உங்கள் வீட்டில் இருப்பின், பெருநாள் புத்தாடையோடு இதனையும் வாங்கிக் கொடுங்கள். உடலும் இறைவன் தந்த அமானிதமன்றோ!