கேதாரத்துப் பனியும் உகீமடத்துக் கருணையும்

செஞ்சியை அடுத்த சீயமங்கலத்தில், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலில் தூணாண்டாரை எப்பருவத்திலும் தரிசிக்கலாம். தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதாரத்திலோ பருவத்தை வகுப்பது பனியே. சுமார் 3,580 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வாலயத்தின் நடை, தீபாவளியை அடுத்துச் சாத்தப்பெறும். ஐம்முக உற்சவமூர்த்தி பல்லக்கில், சுமார் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள உகீமடம் ஓங்காரேசுவரர் ஆலயத்திற்கு எழுந்தருள்வார். மீண்டும் நடை திறக்கும் நாள் மகா சிவராத்திரியன்று அங்கேயே அறிவிக்கப்பெறும்.

சித்திரை, வைகாசியில் நடை திறந்தாலும், கௌரிகுண்டத்திலிருந்து ஏறும் சுமார் 16 கிலோமீட்டர் பாதையில் பனி எஞ்சியிருப்பதுண்டு. காற்றில் பிராணவாயு குறைவாதலால் மூச்சும் வாங்கும். ஏற இயலாத முதியோர் வருந்த வேண்டா. குளிர்காலத்தில் சாலை வழியே உகீமடம் சென்று அப்பெருமானையே வழிபடலாம். அடியார் ஏற முடியாத காலத்தில் ஆண்டவன் இறங்கி வருகிறான்.