கேசட்டில் கேட்ட குடும்பம்

படத்தைப் பார்ப்பதற்கு முன்பே 'சம்சாரம் அது மின்சாரம்' எனக்கு மனப்பாடம். எண்பதுகளில் எங்கள் ஊரான திமிரியில் பாட்டு கேசட்டுக்குச் சமமாக வசன கேசட்டும் ஓடும். முதலில் 1984இல் வந்த 'விதி'. டீக்கடைதோறும் அந்தப் படத்தின் கோர்ட் நடக்கும். 1986இல் 'சம்சாரம்' இயக்குநர் விசு வந்தார். கோர்ட் போய்க் கூட்டுக் குடும்பம் வந்தது.

மாமா ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் வேலை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை குளித்தாலும் அவரை விடாது. ஞாயிறு லீவு. மதியம் டூ-இன்-ஒன்னைத் திண்ணையில் வைப்பார். ஆயா புளி கொட்டை எடுப்பாள், அத்தை பூ கட்டுவாள், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்காருவார்கள்.

முகம் தெரியாது, குரல்தான் ஆள். கொடுத்த காசுக்கு அப்பாவிடம் கணக்குக் கேட்கும் ரகுவரன், இரண்டு பக்கமும் இடிபடும் மருமகளாக லட்சுமி. அப்பாவாக வரும் விசு வீட்டுக்கு நடுவே கோடு போடுகிற கட்டத்தில் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் எங்கள் வீட்டுப் படம்.

"பெத்தவன்கிட்டயே கணக்கு கேக்கறான், வெளங்குவானா?" என்பாள் ஆயா.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? நடுவுல மாட்டிக்கினு கீது" என்று அத்தை பூவிடம் சொல்வாள்.

மாமா வாயே திறக்கமாட்டார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் ஆயா கையில் கொடுப்பவர் அவர். அதில் ஆரம்பித்ததோ வேறெதிலோ, அவரும் அத்தையும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "உங்க மாமாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் என்னிடம். அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நானும் போய்ச் சொல்வேன். தம்பிக்குப் பாடம் சொல்லித் தரும் சாக்கில் இரண்டாவது மகன் மனைவியைக் கவனிக்காமல் விடும் பகுதி வந்தால் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வருவதற்குள் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். ஏன் போனாள் என்று கேட்டதற்குக் கிடைத்தது ஒரு குட்டு.

அதே 1986இல் மணிரத்னத்தின் 'மௌன ராகம்' வந்தது. அதுவும் ஒட்டாத புருஷன் பெண்டாட்டி கதைதான். ஆனால் அதை வசன கேசட்டாகப் போட்டிருந்தால் பாதி நேரம் நாடா சுற்றும் சத்தம்தான் கேட்டிருக்கும். விசு மேடையிலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் பேசியே தீர்ப்பவர். எங்கள் வீட்டில் பேசப்படாததையெல்லாம் அவருடைய ஆட்கள் உரக்கப் பேசினார்கள்.

கடைசியில் எல்லோரும் மனம் மாறி வந்து நிற்க, மருமகள் லட்சுமி மட்டும் தனிக்குடித்தனமே இருப்போம், அவ்வப்போது வந்து போவோம் என்பாள். ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தை, "அந்த எடத்த இன்னொரு வாட்டி போடச் சொல்லு" என்பாள், வழக்கம்போல என்னிடம்தான்.

ஏ.வி.எம். தயாரித்த இந்தப் படத்துக்கு நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. பின்னாளில் டிவியில் பார்த்தபோது நாடக வாசனை தூக்கலாகவே இருந்தது. ஆனால் பிரிந்தவர்களைக் கட்டாயமாக ஒரே கூரைக்குள் தள்ளாத அந்த முடிவுக்கு, தமிழ்க் குடும்பப் படங்களில் இணை குறைவு.